ரசிகர் அல்லாதவருக்கு அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 4, வாசகர் ஒருவரின் கேள்வி

புரூஸ் கேம்பெல் நடித்த வேறு எந்தப் படத்தையும் நான் பார்த்ததில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 'மை நேம் இஸ் புரூஸ்' பார்த்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்த இடங்களில் பாதி எனக்கு விளங்கவில்லை, பேயும் பயமுறுத்தவில்லை. ஒரு நடிகரின் ரசிகர்களுக்காகவே எடுத்த படத்தை மற்றவர்கள் பார்ப்பதில் பொருள் உண்டா? இது படமா, ரசிகர் மன்ற ஆண்டு மலரா?

ஆகஸ்ட் 4, இரவு

கேள்வியின் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். மன்ற மலர் என்றால் அதில் நாயகனின் புகழ் பாடியிருக்க வேண்டும். இந்தப் படத்தில் புரூஸ் கேம்பெல் தம் சொந்தப் பெயரிலேயே, நடிகராகவே வருகிறார். வந்து, தேடி வரும் ரசிகர்கள்மீது எரிந்து விழுகிறார், மூக்குமுட்டக் குடிக்கிறார், பிரிந்துபோன மனைவிக்கு நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசியில் தொல்லை கொடுக்கிறார், டிரெய்லர் வீட்டில் நாயோடு குடித்தனம் நடத்துகிறார், உண்மையான ஆபத்து என்று தெரிந்த கணமே மற்றவர்களை விட்டுவிட்டு ஓட்டம் பிடிக்கிறார். படத்தை இயக்கியவரும் அவரே. தலைவரை இவ்வளவு கேவலப்படுத்தும் மலரை எந்த மன்றமும் அச்சிடாது.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கோல்டு லிக் என்றொரு கற்பனைச் சுரங்க ஊர். ஜெஃப் என்ற பதின்பருவப் பையன் பழைய கல்லறையிலிருந்து பதக்கம் ஒன்றை எடுத்துவிட, சுரங்க விபத்தில் மாண்ட சீனத் தொழிலாளர்களுக்குக் காவலாக இருந்த குவான் டி என்ற போர்த் தெய்வம் விழித்துக்கொண்டு ஊராரின் தலைகளைச் சீவத் தொடங்குகிறது. ஜெஃப்பின் அறைச் சுவர் முழுவதும் புரூஸ் கேம்பெலின் படங்கள். திரையில் பேய்களை வெட்டிச் சாய்த்தவர் நேரிலும் சாய்ப்பார் என்று நம்பி, அவன் அந்த நடிகரைக் கடத்திக்கொண்டு வருகிறான். நடிகரோ, இது தம் பிறந்தநாளுக்காக ஏஜெண்ட் ஏற்பாடு செய்த வேடிக்கை என்று எண்ணிக்கொண்டு, ஊரார் முன்னிலையில் மாவீரனாக நடிக்கிறார். வேடிக்கையில்லை என்பது எப்போது தெரிகிறதோ அப்போது ஓடுகிறார்.

இந்தக் கதைமுடிச்சைப் புரிந்துகொள்ளக் கேம்பெலின் பழைய படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கத் தேவையில்லை. ஆகவே உங்களுக்கு விளங்காமல் போனது கதை அல்ல. கதையின்மேல் தூவிய மசாலாதான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 5

மேலே போவதற்குமுன், அந்த நடிகர் யார் என்பதைக் கேள்வி கேட்டவருக்குச் சொல்லிவிடுவதே முறை. 1958-இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே சாம் ரெய்மி முதலிய நண்பர்களோடு சூப்பர் 8 கேமராவில் கோமாளித்தனமான குறும்படங்கள் எடுத்தவர். 1978-இல் இந்த நண்பர்கள் 'வித்தின் த வுட்ஸ்' என்றொரு சிறு பயப்படத்தைச் சுமார் 1,600 டாலர் செலவில் எடுத்தார்கள். முதலீட்டாளர்களுக்குப் போட்டுக்காட்டிப் பணம் திரட்டுவதற்காக எடுத்த மாதிரிப் படம் அது. அப்படித் திரட்டிய பணத்தில் 1979-இன் இறுதியில் டென்னசியில் ஒரு பாழடைந்த மரவீட்டில், ரெய்மி இயக்கிய 'ஈவில் டெட்' என்ற பயப்படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். கையிருப்புத் தீர்ந்தபோது படத்தை முடிப்பதற்காகக் கேம்பெல் தம் குடும்பச் சொத்தையே ஈடுவைத்தார். 1981-இல் டெட்ராய்ட்டில் முதல் திரையிடல் நடந்தது. 1987-இல் இரண்டாம் படமும் 1992-இல் 'ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்' என்ற மூன்றாம் படமும் வந்தன. மூன்றிலும் ஆஷ் என்ற பாத்திரம் அவருடையது. வெட்டுண்ட கை இருந்த இடத்தில் சங்கிலி ரம்பத்தை மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த உருவத்தைத்தான் உங்கள் நண்பர்கள் சட்டைகளில் அச்சிட்டு அணிந்திருக்கக்கூடும்.

கல்ட் நடிகர் என்பதற்கு நான் கொள்ளும் பொருள் எளியது: அவரை அறிந்தவர்கள் குறைவு, அறிந்தவர்கள் மறப்பதில்லை. பெரிய படங்களில் அவர் சில நிமிடங்களே வருவார். ரெய்மி இயக்கிய மூன்று ஸ்பைடர்-மேன் படங்களிலும் அவர் தலைகாட்டியிருக்கிறார். பெரும்பாலான பார்வையாளர்கள் கவனித்திருக்க மாட்டார்கள், ரசிகர்களோ அந்தச் சில நிமிடங்களுக்காகவே காத்திருந்தார்கள். 2001-இல் வந்த தன்வரலாற்றில் தம்மை இரண்டாம்தரப் படங்களின் நடிகர் என்று அவரே அறிவித்துக்கொண்டார். அந்தத் தாழ்மையைத் தொழிலாகவே மாற்றிக்கொண்ட சாமர்த்தியசாலி.

இங்கேதான் நேற்று எழுதியதைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலர் புகழ் பாட வேண்டும் என்றேன். ஆஷ் எப்படிப்பட்டவன்? வாய்ச்சொல்லில் வீரன், அரைகுறை அறிவுக்காரன், கிடைத்த வாய்ப்பையெல்லாம் சொதப்புகிறவன். இரண்டாம் படத்தில் தன் கையே தன்னை அடித்து வீட்டுக்குள் உருட்டிப் பந்தாடும் காட்சியில்தான் கேம்பெல் தம் ரசிகர்களைச் சம்பாதித்தார். ஆக, இந்த ரசிகர்களுக்கு நாயகன் அடிபடுவதும் அவமானப்படுவதுமே புகழ்மாலை. சொந்தப் பெயரில் அவமானப்பட அவர் முன்வந்தது துணிச்சலாக எனக்குத் தோன்றியது. இப்போது பார்த்தால், ரசிகர்கள் கேட்டதையே அவர் கொடுத்திருக்கிறார் என்றும் சொல்லலாம். இரண்டில் எது சரி என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 7

பிரிந்துபோன மனைவியாக வரும் பெண்ணைக் கண்டதும் ஏன் கைதட்டினார்கள் என்று அதே வாசகர் கேட்டிருக்கிறார். அவர் எலன் சாண்ட்வைஸ். 1981-ஆம் ஆண்டுப் படத்தில் ஆஷின் சகோதரியாக, ஷெரில் என்ற பெயரில், பேய் பிடித்து நிலவறைக்குள் அடைக்கப்படுபவர் அவரே. இங்கும் மனைவியின் பெயர் ஷெரில்தான். ஊர்க்காரர்களில் ஒருவராக வரும் டான் ஹிக்ஸ் இரண்டாம் படத்தில் இருந்தவர். இசை ஜோசப் லோடூகா. மூன்று படங்களுக்கும் அவர்தான் இசை.

தெரிந்தவருக்கு இது பழைய வகுப்புத் தோழர்களைச் சந்திப்பது. தெரியாதவருக்கு ஒரு பெண் வந்து இரண்டு வசனம் பேசிவிட்டுப் போகிறாள். கைதட்டல் மட்டும் மர்மமாக இருக்கும்.

ஆகஸ்ட் 10

ஒரு சோதனைபோலப் படத்தை மீண்டும் பார்த்தேன். இம்முறை அந்தப் பழைய படங்களைக் கரைத்துக் குடித்த இரண்டு நண்பர்களையும், கேம்பெலின் பெயரையே கேள்விப்பட்டிராத என் அக்கா மகனையும் ஒன்றாக உட்காரவைத்தேன். படத்தைவிட அவர்களைத்தான் அதிகம் கவனித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நண்பர்கள் சிரித்ததும் அக்கா மகன் சிரித்ததும் பெரும்பாலும் வேறு வேறு இடங்களில். அவனை அதிகம் சிரிக்கவைத்தது ஊர் எல்லையில் நிற்கும் மக்கள்தொகைப் பலகை. தலைகள் உருள உருள, ஒரு பெயிண்டர் வந்து அந்த எண்ணைக் குறைத்து எழுதிக்கொண்டே இருக்கிறார். நல்ல நகைச்சுவைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன: எண் எப்போது மாறும் என்ற எதிர்பார்ப்பு, மாற்றுகிறவனின் அலுப்பு, சாவைக் கணக்குவேலையாக்கும் குரூரம். பெயிண்டராக வருபவர் சாம் ரெய்மியின் தம்பி டெட் ரெய்மி என்பதால் என் நண்பர்களும் அங்கே சிரித்தார்கள். இரு தரப்பும் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே இடத்தில் சிரித்த அபூர்வமான தருணம் அது.

அடுத்ததாகப் புரூஸ் வேடிக்கை என்று நம்பிக்கொண்டு வீரம் பேசும் பகுதி. எதிரே நிற்பவர்கள் மரண பயத்தில் இருக்கிறார்கள். இவர் அவர்களை வாடகைக்கு வந்த துணைநடிகர்கள் என்று நினைத்து, அவர்களுடைய நடிப்புக்கு மனத்துக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார். பார்ப்பவருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. நாடகம் தோன்றிய நாளிலிருந்து இருக்கும் உத்தி இது. இதற்கு மன்ற உறுப்பினர் அட்டை தேவைப்படாது. அக்கா மகன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான்.

பழைய படங்களின் பெயர்களைச் சொல்லிப் பாத்திரங்கள் பேசும் இடங்கள் நேர் எதிர். நண்பர்கள் முகத்தில் மலர்ச்சி, அவன் முகத்தில் சலிப்பு. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: அந்த இடங்களில் நண்பர்களும் சிரிக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினார்கள். அடையாளம் கண்டுகொண்டதற்கான தலையாட்டலும் சிரிப்பும் ஒன்றில்லை. ரசிகரை நோக்கிக் கண்ணடிப்பது ரசிகரையே முழுமையாகச் சிரிக்கவைப்பதில்லை என்றால், மற்றவர்கள் எதையோ இழந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

படம் முடிந்ததும் அவன் கேட்ட ஒரே கேள்வி, "மாமா, இவர் நிஜத்திலும் இப்படித்தானா?" என்பதுதான். அந்தக் கேள்வியை எழுப்பியதே படத்தின் பெரிய வெற்றி என்று நினைக்கிறேன். என் நண்பர்கள் இருவருக்கும் அந்தக் கேள்வி எழவே இல்லை. அவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும்.

ஆகஸ்ட் 12

பேய் பயமுறுத்தவில்லை என்ற குறைக்கு வருகிறேன். இதில் நான் கேள்வி கேட்டவரின் பக்கம்.

படத்துக்குச் சுமார் 15 லட்சம் டாலர் செலவானதாகக் கணக்கு. அமெரிக்கப் படவுலகில் அது சில்லறைக் காசு. ஆனால் 'ஈவில் டெட்' அதைவிட மிகக் குறைந்த செலவில், நான்கு லட்சம் டாலரைக்கூடத் தொடாமல் எடுத்த படம். அது இன்றும் பயமுறுத்துகிறது. ஆகவே பணமில்லை என்ற சமாதானம் எடுபடாது. அந்தப் படத்தில் காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து வருவதைக் காட்ட, கேமராவை ஒரு பலகையில் பொருத்தி, இரண்டு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போது ஏற்படும் குலுக்கலைப் பலகை ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும். மிஞ்சுவது தரையை ஒட்டி மிதந்து வரும் ஒரு பார்வை. வருவது எது என்பதைக் காட்டவே இல்லை. உருவம் செய்யப் பணம் இல்லாத குறையே பயத்துக்கு உரமாயிற்று.

குவான் டியோ தொடக்கத்திலேயே முழு உருவத்தோடு வந்து நிற்கிறார். கவசம், ஒளிரும் கண்கள், நீண்ட பிடியுள்ள வாள். சில காட்சிகளுக்குள் அவர் பழகிய முகமாகிவிடுகிறார். பிறகு எத்தனை தலை உருண்டாலும் ஊருக்கு ஆபத்து என்ற உணர்வு நமக்கு ஏற்படுவதில்லை. பயமும் சிரிப்பும் கலந்த படத்தில் பயம் குறைந்தால் சிரிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். ஆபத்து மெய்யாக இருந்தால்தான் கோழையின் ஓட்டம் சிரிப்பூட்டும். துரத்துவது காகிதப் புலி என்று தெரிந்துவிட்டால் ஓடுபவன் வெறும் உடற்பயிற்சிதான் செய்கிறான். புரூஸ் ஊரைவிட்டு ஓடும் காட்சி படத்தின் உச்சமாக இருந்திருக்க வேண்டியது. அவர் யாரைக் கைவிட்டு ஓடுகிறார், அவர்களுக்கு என்ன நேரும் என்ற கவலை நமக்கு இருந்திருந்தால், சிரித்துக்கொண்டே அவரை வெறுத்திருப்போம். அந்த வெறுப்பு பிறக்காததால், பிற்பாடு அவர் மனம் மாறித் திரும்பி வருவதும் கனமில்லாமல் போகிறது.

ஆகஸ்ட் 12, சற்றுப் பின்னர்

நியாயத்துக்காக ஒன்று சேர்க்கிறேன். பணத்தை அவர்கள் வீணாக்கவில்லை. கோல்டு லிக் ஊரின் கடைத்தெரு, ஆரிகனில் கேம்பெலின் சொந்த நிலத்திலேயே போட்ட செட். எழுதிய மார்க் வெர்ஹைடன் காமிக்ஸ் உலகத்திலிருந்து வந்தவர்; தயாரிப்பில் இருந்தது ஆரிகனைச் சேர்ந்த டார்க் ஹார்ஸ் காமிக்ஸின் படப்பிரிவு. எல்லாமே கூப்பிடு தூரத்து ஆட்கள். ஊருக்குள் நடக்கும் காட்சிகளில் தெரியும் இளைப்பாறிய தொனிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வீட்டு முற்றத்தில் பயப்படம் எடுப்பவர்கள் சிரித்துக்கொண்டே எடுக்கிறார்கள். டென்னசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு எடுத்தவர்களின் படத்தில் நடுக்கம் தானாகவே பதிந்தது.

ஆகஸ்ட் 16

இன்று எழுதப்போவது சிலருக்குப் பிடிக்காது. படத்தில் ரசிகருக்கும் உதவாத, மற்றவருக்கும் உதவாத பகுதி ஒன்று இருக்கிறது: டெட் ரெய்மி ஏற்ற சீனக் கிழவர் வேடம்.

அவர் இந்தப் படத்தில் மூன்று வேடங்களில் வருகிறார். ஏஜெண்டாக வருவது அருமை. பெயிண்டரைப் பற்றி முன்பே புகழ்ந்தாயிற்று. மூன்றாவது வேடம், ஒப்பனை போட்டுக் குரலைக் கோணலாக்கி, இந்தப் படம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காலாவதியான கேலியைத் திரும்ப நடத்துவது. அவர் பல முகம் காட்டுவதற்கு ஒரு வம்சாவளி உண்டு என்பதை அறிவேன். முதல் 'ஈவில் டெட்' படப்பிடிப்பு நீண்டுகொண்டே போய் நடிகர்கள் பலர் கிளம்பிவிட்டதால், கையில் கிடைத்தவர்களையெல்லாம் முதுகைக் காட்டியோ முகத்தை மூடியோ நடிக்கவைத்தார்கள். த்ரீ ஸ்டூஜஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைக் குழுவின் ஷெம்ப் ஹோவர்ட் 1955-இல் இறந்த பிறகு, மீதிப் படங்களை ஜோ பால்மா என்பவரை முதுகுப்புறமாக நிற்கவைத்து முடித்தார்கள்; அதை நினைவில் வைத்து இந்த மாற்று ஆட்களுக்கு 'போலி ஷெம்ப்' என்று பெயர் சூட்டினார் சாம் ரெய்மி. இரண்டாம் படத்தில் நிலவறைக் கிழவியின் உடம்பு முழுவதையும் மூடிய ரப்பர் உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி இருந்தவரும் டெட் ரெய்மிதான். ஆள் பற்றாக்குறையில் பிறந்த அந்த வழக்கம் இங்கே வெறும் செல்லமாகத் தொடர்கிறது. ரப்பர் உடைக்குள் ஒரு கிழவிப் பேயாக இருப்பதும், ஒரு மக்கள் கூட்டத்தின் முகத்தை மாட்டிக்கொள்வதும் ஒன்றாகிவிடாது.

இதில் எனக்கு உள்ள வருத்தம், படம் கையில் வைத்திருந்த பொருளைப் பயன்படுத்தாமல் விட்டதைப் பற்றியது. குவான் டி கற்பனைப் பேய் அல்ல. ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த குவான் யூ என்ற தளபதி, பிற்காலத்தில் தெய்வமாகி, வீரத்துக்கும் விசுவாசத்துக்கும் உருவகமாக வணங்கப்படுகிறார். கடல் கடந்து போன சீனர்கள் போன இடமெல்லாம் அவரைக் கொண்டுபோனார்கள். தென் ஆரிகனில் 1850-களின் தொடக்கத்தில் தங்கம் கிடைத்ததும் சீனத் தொழிலாளர்கள் அங்கே வந்தது மெய்யான வரலாறு. அந்த மாநிலத்தின் முதல் அரசியலமைப்பே, புதிதாக வரும் சீனர்கள் நிலமோ சுரங்க உரிமையோ வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது. 1882-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுத்துச் சட்டமியற்றியது. 1887-இல் ஆரிகனின் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் தங்கம் அரித்துக்கொண்டிருந்த சீனர்களை ஒரு கும்பல் சுட்டுக்கொன்றது. மாண்டவர்கள் 34 பேர் வரை இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இப்போது படத்தின் கதையை மறுபடி எண்ணிப் பாருங்கள். சுரங்கத்தில் செத்த சீனர்களுக்காக ஒரு தெய்வம் எழுந்து வந்து, அந்த ஊராரின் வழிவந்தவர்களிடம் கணக்குக் கேட்கிறது. பயப்படத்துக்கு இதைவிட வலுவான காரணம் கிடைக்குமா? அந்தத் தெய்வத்தின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்ற ஒரு கணச் சந்தேகம் எழுந்திருந்தால் போதும், 12-ஆம் தேதி நான் தேடிய பயம் செலவில்லாமலே வந்திருக்கும்.

ஆகஸ்ட் 17

"பொழுதுபோக்குக்கு எடுத்த இரண்டாம்தரப் படத்தில் வரலாற்றைத் தேடுவது வீண் வேலை" என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். நான் வரலாற்றுப் பாடம் கேட்கவில்லை. பேய்க்கு ஒரு காரணம் கேட்டேன். காரணத்தைப் படமே முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு, பிறகு அதை வைத்த இடத்தை மறந்துவிட்டது. கதையை இடையிடையே பாட்டாகப் பாடி எடுத்துச்செல்லும் இருவர் இருக்கிறார்கள். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை அது. கட்டியங்காரனுக்கு எவரையும் குத்தும் உரிமை உண்டு. இந்த இருவரும் ஊரின் பழைய பாவத்தை ஒரு வரியில் குத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24

இதே கதைமுடிச்சு உள்ள பிற படங்களோடு வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் துலங்குகின்றன.

1999-இல் வந்த 'கேலக்ஸி குவெஸ்ட்' படத்தில், நின்றுபோன ஒரு விண்வெளித் தொடரின் நடிகர்களை உண்மை வீரர்கள் என்று நம்பி வேற்றுக்கோளத்தவர் அழைத்துச் செல்கிறார்கள். அங்கே நடிகர்கள் சிக்கலில் மாட்டியதும் அவர்களைக் காப்பாற்றுவது ரசிகர்களின் அறிவு; தொடரில் வந்த கப்பலின் ஒவ்வொரு அறையையும் மனப்பாடமாக அறிந்த பையன்கள் வழி சொல்கிறார்கள். ரசிகனின் பைத்தியக்காரத்தனத்துக்குக் கதையில் ஒரு வேலை கிடைக்கிறது. அந்தத் தொடர் கற்பனைத் தொடர் என்பதால், அதன் ரசிகராக இல்லாத குறை எந்தப் பார்வையாளருக்கும் கிடையாது. தெரிய வேண்டியதையெல்லாம் படமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. கோல்டு லிக்கில் நிலைமை வேறு. ஜெஃப் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் அத்தனை சுவரொட்டிகளும் குவான் டியை வீழ்த்த ஒரு வழியும் சொல்வதில்லை. அவனிடம் இருப்பது நம்பிக்கை மட்டும். ரசிகர்களுக்காக எடுத்த படம் என்று பெயர்பெற்றது, ரசிகனைக் கடத்தல்காரனாக்கியதோடு நிறுத்திக்கொண்டது விசித்திரம்தான்.

மற்றொன்று 2008-இல் வந்த 'ஜேசிவிடி'. அதில் ழான் குளோட் வான் டாம் தம்மையே, வயதாகி வழக்குகளிலும் கடனிலும் சிக்கிய நடிகராக நடிக்கிறார். ஒரு கட்டத்தில் அவர் அமர்ந்திருக்கும் நாற்காலி செட்டைத் தாண்டி விளக்குகளின் உயரத்துக்கு எழும்ப, கேமராவைப் பார்த்துத் தம் வாழ்க்கையைப் பற்றி நீண்ட நேரம் பேசுகிறார். அவருடைய சண்டைப் படங்களை அறியாத என் போன்றவர்களையும் அந்தப் பேச்சு கட்டிப்போட்டது. கேம்பெல் அப்படி ஒரு கணத்தைத் தமக்கு அனுமதித்துக்கொள்ளவில்லை. டிரெய்லரில் குடித்துவிட்டுத் தனிமையில் இருக்கும் காட்சிகளில் அதற்கு வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நகைச்சுவையைப் போட்டுக் கதவைச் சாத்துகிறார்.

இதைக் குறை என்று அடித்துச் சொல்ல மனம் வரவில்லை. வான் டாம் சொன்னதில் அவருடைய சொந்த வாழ்க்கை இருந்தது. கேம்பெல் காட்டும் புரூஸ் முழுக்கப் பொய்யான ஆள்; எழுதுவதிலும் இயக்குவதிலும் சலிக்காமல் உழைக்கிறவர், திரையில் சோம்பேறிக் குடிகாரராக வேடம் போடுகிறார். வேடத்துக்குள்ளிருந்து ஒப்புதல் வாக்குமூலம் வந்திருந்தால் அதுவும் நடிப்பாகத்தான் இருந்திருக்கும். 5-ஆம் தேதி முடிவெடுக்காமல் விட்டேனே, அதற்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது: தாம் அல்லாத ஒருவரைக் கேவலப்படுத்துவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டியதில்லை. அவரிடம் இருப்பது ரசிகர்களின் நாடி தெரிந்த தொழிற்திறன்.

ஆகஸ்ட் 31

படம் 2008-இல் வெளியானபோது கேம்பெல் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அமெரிக்காவில் ஒவ்வொரு நகரத்திலும் திரையரங்கில் நேரில் தோன்றி, ரசிகர்களோடு பேசி, கேள்விகளுக்கு வாய்த்துடுக்காகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த நகரத்துக்குக் கிளம்பினார். பெரும்பாலான ஊர்களில் படம் டிவிடி வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அது வெளிவந்தது 2009-இல்.

இந்தத் தகவலை வைத்துக்கொண்டு படத்தை நினைத்தால் பல விஷயங்கள் வேறு நிறம் கொள்கின்றன. திரையில் ரசிகனை விரட்டும் புரூஸ். திரைக்கு முன்னால் ரசிகனின் கேள்விக்குக் காத்திருக்கும் புரூஸ். இருவரையும் ஒரே மாலையில், ஒரே அரங்கில் பார்த்தவர்களுக்குப் படத்தின் பாதி நகைச்சுவை அந்த இடைவெளியிலிருந்தே கிடைத்திருக்கும். பழைய படங்களின் பெயரைச் சொல்லும் வசனங்களும் அங்கே வெறும் தலையாட்டலோடு நின்றிருக்காது; அரங்கமே ஆரவாரம் செய்ய இடைவெளி விட்டு எழுதியவை அவை. வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த இடைவெளி மௌனமாகக் கிடக்கிறது. 10-ஆம் தேதிச் சோதனையில் என் நண்பர்களிடம் சிரிப்பு வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் டிவிடியில் நாம் பார்ப்பது முழுப் பொருளா? ஒரு நிகழ்ச்சியின் படமாக்கிய பகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது. கேள்வி கேட்டவர் அதைத் தனியாக எடுத்துப் பார்த்து ஏமாந்தது இயல்பு. அதற்காகத் திரைக்கதையின் ஓட்டைகளை மன்னித்துவிட முடியாது. பலகை பிடித்து ஓடிய படம் எவர் வந்து அறிமுகப்படுத்தாமலும் உலகம் முழுவதும் ஓடியது.

செப்டம்பர் 6

இதற்கு இரண்டாம் பாகம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். 'புரூஸ் வர்சஸ் ஃபிராங்கென்ஸ்டைன்' என்ற பெயரில் ஒன்றை எடுப்பதாகக் கேம்பெல் சொல்லிவந்தார். பயப்படங்களில் பேர்போன வேறு பல நடிகர்களையும் அவரவர் பெயரிலேயே கூட்டிவருவது திட்டம். அது எடுக்கப்படவில்லை. பிறகு 2015 முதல் 2018 வரை ஆஷ் பாத்திரமே தொலைக்காட்சித் தொடராகத் திரும்பி வந்ததால், போலி புரூஸுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

எடுக்காததில் எனக்கு இரண்டு மனம். ஒரு நடிகரை அடையாளம் கண்டு தலையாட்டிய இடத்தில் பத்து நடிகர்களுக்குத் தலையாட்ட வேண்டியிருந்திருக்கும். என் அக்கா மகனைப் போன்றவர்கள் பாதியில் எழுந்துபோயிருப்பார்கள். அதே சமயம், புரூஸின் பொய்ப் பகட்டுக்கு முன்னால், தாங்களும் அதே அளவுக்கு அரைப்புகழ் பெற்றவர்கள் என்று தெரிந்த ஒரு கூட்டம் வந்து நின்றால், யாருக்கு ரசிகர் அதிகம் என்ற சச்சரவிலேயே ஒரு நல்ல படம் கிடைத்திருக்கும். ஃபிராங்கென்ஸ்டைனின் பூதம் ஓரமாக உட்கார்ந்து, இவர்கள் சண்டையை முடிக்கும்வரை காத்திருந்திருக்கலாம். முழு உருவத்தைக் காட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.